ஈரம் காய்வதற்குள்

நான் குளித்துக்கொண்டிருக்கும்போது சுவரைத் தட்டும் துணிச்சல் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் வீட்டு மனுஷிகூட இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தார்.

மலாக்காவில் தெங்கேராவின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப் போக நீளமாகவும் இருக்கும். எங்கள் குளியலறைக்கும் அவருடைய சமையல்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நானும் அம்மாவும் அங்கே வாடகைக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள், கைத்தொலைபேசிக் கடையில் நாள் முழுக்க ஏர்கோன் காற்றில் விறைத்துவிட்டு வந்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டைப் பாதி பாடியிருக்கும்போது சுவரில் டக் டக் டக் என்று சத்தம். கரண்டியின் காம்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பிள்ளை! காணும், தண்ணியை நிப்பாட்டு! அவிச்ச முட்டை மாதிரித் தோலை உரிச்சுக்கொண்டே வரப்போறாய்?"

பயத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடியும் அதே குரல்.

"தேய்க்காதே, ஒத்தி எடு! ஈரம் காயிறதுக்குள்ள பூசு!"

எதைப் பூசுவது என்று எனக்குத் தெரியவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பின்கதவுப் படியில் ஒரு பழைய ஜாம் புட்டி இருந்தது. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, வாசமே இல்லாத ஒரு களிம்பு. அம்மா அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடி அது? உன் குளியலுக்கு மேஸ்திரி வச்சிருக்கியா?" என்றார்.

அவரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். தாதிகளுக்கு இங்கே அதுதான் பெயர். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தோல் நோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது மருத்துவமனையிலிருந்து மட்டும்தான். வேலையிலிருந்து அல்ல. யாழ்ப்பாணத்து வம்சம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் மலாக்காவில். பேச்சில் மட்டும் அவருடைய அம்மாவின் ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள் மெல்பர்னில். வீட்டில் அவரும், ஒரு வானொலியும், அலமாரி நிறையக் காலி புட்டிகளும்.

மற்றவர்கள் கைகுலுக்கினால் விட்டுவிடுவார்கள். மிஸி, குலுக்கிய கையைத் திருப்பி, முழங்கை வரை பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். சந்தேகம் வந்தால் நகத்தால் முன்கையில் லேசாக ஒரு கோடு இழுப்பார். வெள்ளைக் கோடு விழுந்தால் தொலைந்தோம்.

"பாத்தியோ? சிலேட்டு. இதில எழுதிப் படிக்கலாம்."

கல்யாண வீடானாலும் சரி, கருமாதி வீடானாலும் சரி, அவருக்கு வித்தியாசம் கிடையாது. மாப்பிள்ளையின் குதிகால் வெடிப்பை மணமேடையிலேயே கண்டுபிடித்து, பெண்ணின் காதில் போய்ச் சொன்னவர் அவர். அவருடைய தேவாலயத்தில் புதிதாக வந்த பாதிரியாரின் புறங்கை செதில் செதிலாக இருக்கிறது என்று கவனித்து, பூசை முடிந்ததும் உள்ளறை மேசையில் ஒரு புட்டியை வைத்துவிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் வந்தால் மற்ற வீடுகளிலிருந்து கேக் வரும். மிஸி வீட்டிலிருந்து களிம்பு வரும். எங்கள் தெருச் சீனக் கிழவர் முதல் வருஷம் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடப் பார்த்தாராம். புட்டியின் மேல் ஜாம் படம் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமைகளில் கடலோரம் செர்காமுக்கு மீன் வாங்க என்னைக் காரோட்டச் சொல்வார். அங்கே ஒரு மலாய்க்கார மீன்காரர். காலையிலிருந்து உப்புத் தண்ணீரும் ஐஸ் கட்டியுமாக அளைகிற கை, எப்படி இருக்கும்? மிஸியின் தலையைக் கண்டதும் அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மிஸி மீனைப் பார்க்கவே மாட்டார்.

"தங்கான்!" என்பார். கையைக் காட்டு என்று மலாயில் ஒரே சொல்லில் அதட்டல்.

அறுபது வயது மனுஷன், பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டாமல் வந்த பிள்ளையைப் போல மெதுவாக நீட்டுவார். அவர் கைக்குக் களிம்பு போட்டு முடித்த பிறகுதான் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார் மிஸி. எனக்கு வெட்கமாக இருக்கும். காருக்குள் உட்கார்ந்து தெரியாதவள் போலக் கைத்தொலைபேசியைப் பார்ப்பேன். பயனில்லை. திரும்பி வரும்போது ஏர்கோன் துளையை என் பக்கமிருந்து திருப்பிவிட்டு, "முகத்துக்கு நேரே அடிக்க விடாதே, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிப்போடும்" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை என் முதலாளியம்மா எனக்கு ரோஜா வாசம் வீசும் லோஷன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மிஸி மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"நல்லாயிருக்கு. இது மூக்குக்குப் பூசிறது. தோலுக்கு என்ன வாங்கினனி?"

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்து, "அப்படி என்னதான் மிஸி இருக்கு இந்தத் தோல்ல? எனக்குக் காலு கொஞ்சம் அரிக்குது, அவ்ளோதான் லா" என்றேன்.

அவர் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்களுக்குப் பொதுவான அந்தப் பழைய சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரியும். விரலை விட்டுத் தடவினால் மண்ணாகக் கொட்டும்.

"கல்லு எல்லாம் இருக்குதோ? இருக்கு. இடையில இருந்த சாந்து போச்சுது. சாந்து போனால் உள்ள இருக்கிற ஈரம் நிக்காது, வெளியில இருக்கிற ஊத்தை உள்ள வரும். தோலும் இதுதான் பிள்ளை. நீ சுடுதண்ணியும் சோப்புமாய் அந்தச் சாந்தைக் கழுவிக் கழுவி ஊத்திப்போட்டு, பிறகு கடிக்குது கடிக்குது எண்டு சொறியிறாய். சோப்பு கக்கத்துக்கும் காலிடுக்குக்கும் காணும். கையிலயும் காலிலயும் என்ன, லொறியோ கழுவிறாய்?"

அன்றிலிருந்து நான் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறினேன். பயந்துதான். ஆனால் மழைக்காலம் முழுக்கக் காலில் சாம்பல் பூத்துக்கிடந்த தோல் ஒரு மாதத்தில் பளபளவென்று ஆகிவிட்டது. அதை மிஸியிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கப் பாவாடையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்.

அம்மாவுக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, எட்ட நின்றார் என்று சொல்லலாம். மிஸி பின்கதவுக்கு வந்தால் அம்மா எழுந்து நிற்பார், "வாங்க மிஸி" என்பார், கைகளைத் தோளில் கிடக்கும் துண்டுக்குள் செருகிக்கொள்வார். மீன்காரர் கையை மறைத்தது பயத்தில். அம்மா மறைத்தது வேறு.

அம்மா ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டியவர். அப்பா இறந்து, தோட்டம் கைமாறி, நாங்கள் டவுனுக்கு வந்த பிறகு, கோயில் விருந்துக்கும் கல்யாணத்துக்கும் சமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் பாத்திரம் கழுவும் வேலை. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற அண்டாக்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீர், கடுமையான சோப்பு, இரும்பு நார். எல்லாம் முடிந்ததும் மசாலா வாடை போக எலுமிச்சை மூடியை எடுத்துக் கை முழுக்கத் தேய்ப்பார். வெடிப்பில் சாறு பட்டு எரியும். எரிந்தால் நல்லது, கிருமி சாகிறது என்பது அம்மாவின் மருத்துவம். அப்புறம் மேலே கொஞ்சம் பவுடர். அந்தக் கையில் விரல் மூட்டுகள் வெடித்து, நுனிகள் மரக்கட்டையாகி, சேலையில் பட்டால் நூல் இழுக்கும்.

"அவங்க யாழ்ப்பாணத்துக்காரங்கடி. படிச்சவங்க, ஆபீஸ்காரங்க. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியும் அவங்க ஆளுதான், அந்த வீட்டம்மா எங்க கையில எதையும் குடுக்க மாட்டாங்க. சம்பளத்தக்கூட மேசை மேல வச்சுட்டு எடுத்துக்கன்னுவாங்க. இவங்க என்னமோ எல்லாரு கையயும் புடிச்சுப் பாக்குறாங்க. என் கையைப் பாத்தா மூஞ்சி சுளிக்க மாட்டாங்களா?"

இப்படியே இரண்டு வருஷம் ஓடியிருக்கும். மிஸி சுவரைத் தட்டுவார், நான் தண்ணீரை நிறுத்துவேன், அம்மா கையை மறைப்பார்.

அப்போதுதான் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்த என் தங்கை முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு, புருஷனுக்கு ஷிஃப்ட் வேலை. தினமும் அழைத்து ஒரே பாட்டு. "அம்மா, நீ வந்துருவல்ல? நீ இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன்." சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தைக்கூட அம்மா பார்த்ததில்லை. பாஸ்போர்ட் என்கிற கடப்பிதழே கிடையாது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு இமிகிரேசன் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன்.

படம் எடுத்தார்கள். அடையாள அட்டையான ஐசியை வாங்கி மெஷினில் சொருகினார்கள். கட்டை விரலை ரேகை பார்க்கும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு. இடது கை. சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி. சிவப்பு. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. அம்மாவின் விரலைத் தானே பிடித்து அழுத்திப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, "கெரிங் லா, மக்சிக்" என்றது. ரொம்பக் காய்ந்துபோயிருக்கிறது ஆன்ட்டி, கை சரியானதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டது.

காரில் அம்மா கட்டை விரலையே தடவிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, மறுநாள் விருந்துக்கு ஒப்புக்கொண்ட வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயம் உரிப்பதற்குள் உடைந்துவிட்டார்.

"எனக்கு ரேகையே இல்லையாம்டி. இந்தக் கையாலதான உங்க ரெண்டு பேரையும் வளத்தேன்? இந்தக் கையி என்னோடது இல்லைன்னு அந்த மெஷினு சொல்லுது. அவ அங்க தனியா கெடந்து கத்துவா. நான் இங்க அண்டா கழுவிக்கிட்டு இருக்கணுமா?"

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. கையில் ஜாம் புட்டியோடு மிஸி.

"ஒட்டுக் கேக்கேல்லை. சுவர் மெல்லிசு" என்றார். பிறகு அம்மாவிடம், "கையைத் தாங்கோ."

அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் செருகினார். "வேணாம் மிஸி. அழுக்குக் கையி. வெங்காய நாத்தம்."

"தாங்கோ எண்டு சொல்லுறன்."

அம்மா தரவில்லை. வேறு யாராக இருந்தாலும் மிஸி வெடுக்கென்று பிடித்து இழுத்திருப்பார். அன்றைக்கு அவர் செய்தது எனக்கு ஆச்சரியம். மூட்டு வலிக்காரர், நாற்காலி இல்லாமல் உட்காராதவர், சுவரைப் பிடித்து, ஆண்டவரை அழைத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் வெங்காயத் தோலின் மேலேயே உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வாய் மூடி அவர் அத்தனை நேரம் இருந்ததை நான் பார்த்தது அப்போதுதான். கடைசியில் அம்மா துண்டிலிருந்து வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

மிஸி முகம் சுளிக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, விரல் நுனி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போகேல்லை. ரேகை எங்கயும் போகேல்லை. மேல காய்ஞ்ச தோல் மூடிக்கிடக்கு, அடியில எல்லாம் இருக்கு. நான் எடுத்துத் தாறன். ஆனால் நான் சொல்லுறதைக் கேக்கவேணும்."

அதற்குப் பிறகு எங்கள் பின்கட்டில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்லவேண்டும். முதல் சண்டை எலுமிச்சைக்கு.

"எலுமிச்சை இயற்கைதான மிஸி? நல்லதுதான?"

"நாகபாம்பும் இயற்கைதான். கையில தேய்ப்பியளோ?"

அடுத்தது பவுடருக்கு. கொஞ்சம் இருக்கிற ஈரத்தையும் அது குடித்துவிடும் என்று மிஸி எங்கள் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார். பிறகு கையுறைக்கு. உள்ளே மெல்லிய பருத்தி, மேலே நீளமான ரப்பர், இரண்டையும் போட்டுக்கொண்டுதான் அண்டாவைத் தொடவேண்டும். அம்மா அதை மாட்டிக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

"பாருடி, காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டினவளுக்குக் கடைசியில ரப்பரையே மாட்டி விட்டாங்க. கழுவின மாதிரியே இல்ல லா. எவனோ கழுவுறான், நான் நிக்கிறேன்."

ஒவ்வொரு முறை கை நனைத்த பிறகும் ஒத்தி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் களிம்பு. சாயங்காலத்தில் தடிமனாகப் பூசி, என் பழைய பள்ளிக்கூடக் காலுறையைக் கைகளில் மாட்டிவிட வேண்டும். டிவி முன்னால் அம்மா இரண்டு கையிலும் வெள்ளைக் காலுறையோடு உட்கார்ந்திருப்பார். ரிமோட்டை அழுத்த முடியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நான் சொன்ன சேனல்தான் ஓடியது.

மிஸி தினமும் சாயங்காலம் ஒரு பரீட்சை வைப்பார். எங்கள் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் துடைத்து, அம்மாவின் கட்டை விரலை அதில் அழுத்தச் சொல்லி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். முதலில் ஒரு மங்கல் மட்டும் இருக்கும். "நாளைக்கு" என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போவார். பிறகு மங்கலுக்கு நடுவே ஓரிரண்டு கோடு. ஒருநாள் சாய்த்தவர் அப்படியே நின்றார். அம்மா எட்டிப் பார்த்தார். வளைந்து வளைந்து, சின்னக் கோலம் போல, அம்மாவின் ரேகை.

"இதா?" என்றார் அம்மா. "இது என்னோடதா?"

அன்றைக்கு அந்த டம்ளரை மிஸி துடைக்கப் போனபோது அம்மா பிடுங்கிக்கொண்டார். பாத்திரம் கழுவுவதையே தொழிலாக வைத்திருந்தவர், அந்த ஒரு டம்ளரைக் கழுவாமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்தார்.

தங்கைக்கு மாதம் நெருங்கிவிட்டது. மறுபடியும் ஆபீசுக்குக் கிளம்பினோம். மிஸியும் வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தச் சொன்னார் அம்மா.

"போயிட்டு வாங்கோ. உங்கட சாமியிட்ட நீங்கள் கேளுங்கோ. நான் இங்க இருந்து என்ர சாமியிட்டக் கேக்கிறன்" என்று மிஸி காரிலேயே இருந்தார். அது பெரிய தப்பாகப் போயிற்று. கூட வந்திருந்தால் தடுத்திருப்பார்.

ஆபீசில் எண் வந்தது. அதே பெண். அம்மா இந்த முறை நிமிர்ந்து போனார். கட்டை விரலை வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். சிவப்பு. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

மிஸி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முகப்புக்கு வந்து அம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். விரலெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இது என்ன?"

"துன்னூறு மிஸி" என்றார் அம்மா மெதுவாக. "மெஷினு எடுக்கணும்னு வேண்டிக்கிட்டு, கையிலயே மூடி எடுத்துக்கிட்டு வந்தேன்."

"பூசின களிம்பு எங்க?"

"எண்ணெய்க் கையோட சாமிகிட்டப் போலாமா? கோயில் பைப்புல சோப்பு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்."

மிஸி தலையில் கையை வைத்துக்கொண்டார். இத்தனை நாள் பாடுபட்டதை ஐந்து நிமிஷத்தில் பிள்ளையார் முன்னால் கழுவி ஊற்றிவிட்டு, காய்ந்த விரலில் சாம்பலையும் அப்பிக்கொண்டு வந்திருக்கிறார் என் அம்மா. பக்தி முற்றினால் இப்படித்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முகப்புப் பெண்ணுக்கு விஷயம் புரிந்ததும் அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, உட்கார்ந்துவிட்டு வாருங்கள், நான் மறுபடி கூப்பிடுகிறேன் என்றது.

காத்திருக்கும் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, மிஸி கைப்பையைத் திறந்தார். கைக்குட்டையை நனைத்து விரல் விரலாகத் திருநீற்றை ஒத்தி எடுத்தார். ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவினார். மிச்சத்தைத் துடைத்தார். பிறகு அம்மாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டார். ஆபீஸ் ஏர்கோன் குளிரில் விரல் மறுபடியும் காய்ந்துவிடக் கூடாதாம். சுற்றிலும் சனம். யாரோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "மிஸி, தோட்டத்துல கிராணி வீட்டம்மா எங்க கையத் தொடவே மாட்டாங்க."

மிஸி கையை விடவில்லை.

"என்ர அப்பாவும் தோட்டத்துக் கிராணிதான்" என்றார். "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் மேசையில வைப்பா. நான் பாத்திருக்கிறன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கையை அசைக்காதேங்கோ. சூடு போயிடும்" என்றார் மிஸி, வழக்கமான அதட்டலோடு.

கூப்பிட்டார்கள். மிஸி கையைப் பிடித்தபடியே முகப்பு வரை கொண்டுபோய், கண்ணாடிக்கு மேலே வந்த பிறகுதான் விட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை வைத்தார். பீப் என்று ஒரு சத்தம். பச்சை. முகப்புப் பெண் எங்களைவிட உரக்கக் கத்தியது. அடுத்த விரல் வைக்கச் சொன்னதும் பச்சை. அம்மாவுக்கு ருசி கண்டுவிட்டது. "இன்னொரு வாட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார். போதும் மக்சிக், போதும் என்றது அந்தப் பெண்.

பேத்தி பிறந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். பிரசவ அறைக்குள் தங்கை பிடித்துக்கொண்டிருந்தது அம்மாவின் வலது கையைத்தான் என்று பிறகு சொன்னாள். "அம்மா கையி எப்படி லா இவ்ளோ மெத்துன்னு ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள். குழந்தைக்குப் பவுடர் போடலாமா என்று அங்கிருந்து மிஸிக்கு அழைப்பு போகும். போடவே கூடாது என்று இங்கிருந்து கத்தல் வரும். அந்தக் கத்தலைக் கேட்க எனக்குத் தொலைபேசி வேண்டியிருக்கவில்லை. சுவர் மெல்லிசு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மிஸியின் மூட்டு அறவே மக்கர் செய்ய ஆரம்பித்து, மகள் வந்து மெல்பர்னுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டை விற்றாயிற்று. கிளம்பும் நாள் வாடகைக் கார் வாசலில் நின்றது. மிஸி என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

அம்மா காரின் ஜன்னலண்டை போனார். "அங்க ரொம்பக் குளிராம். காத்து காஞ்சுபோயி இருக்குமாம். கையத் தாங்க மிஸி."

எத்தனையோ பேர் கையைப் பிடுங்கிப் பார்த்தவர், தன் கையை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. தயங்கித் தயங்கி நீட்டினார். அம்மா திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு கோடு இழுத்தார். வெள்ளையாக விழுந்தது. தன் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, அந்த வெயிலில், கார்க்காரர் ஹார்ன் அடிக்க அடிக்க, மிஸியின் இரண்டு கைகளுக்கும் பூசிவிட்டுத்தான் அனுப்பினார்.

பக்கத்து வீடு இப்போது சுற்றுப்பயணிகள் வந்து தங்கும் இடம். சுவருக்கு வெள்ளையடித்து, மிஸியின் சமையல்கட்டை இடித்துப் பெரிய குளியலறையாக்கிவிட்டார்கள். யார் யாரோ வருகிறார்கள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா நீளமான ரப்பர் கையுறையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் குளியலறைக்குள் போனார்.

"அம்மா, வேணாம்மா. யாரோ எவரோ" என்றேன்.

டக் டக் டக்.

"போதும், தண்ணிய நிப்பாட்டு!" என்று கத்தினார். "தேய்க்காத, ஒத்தி எடு! ஈரம் காயறதுக்குள்ள பூசு!"

அந்தப் பக்கம் இருந்தவர் சீனரோ, வெள்ளைக்காரரோ தெரியாது. தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. தண்ணீர் சட்டென்று நின்றது.

அம்மா கையுறையைக் கழற்றினார். அலமாரியிலிருந்து ஒரு ஜாம் புட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பின்கதவுப் படியில் வைக்கப் போனார்.